எல்க் வேட்டைக்கும் ரீலோடிங்குக்கும் எந்த ஷார்ட் மேக்னம்?

அமெரிக்காவின் கொலராடோவில் மியூல் மானும், எல்க் என்னும் பெரிய மானும் வேட்டையாடும் ஒருவர், எடை குறைந்த போல்ட் ஆக்‌ஷன் ரைஃபிள் ஒன்றை வாங்க எண்ணி, 270 டபிள்யூஎஸ்எம் (வின்செஸ்டர் ஷார்ட் மேக்னம்), 300 டபிள்யூஎஸ்எம், 7 மி.மீ. எஸ்ஏயூஎம் (ரெமிங்டனின் ஷார்ட் ஆக்‌ஷன் அல்ட்ரா மேக்னம்), 6.5 பிஆர்சி (பிரிசிஷன் ரைஃபிள் கார்ட்ரிட்ஜ்) ஆகிய நான்கு தோட்டா வகைகளில் எது தகும் என்று கேட்டிருக்கிறார். 400 கஜத்துக்கு அப்பால் சுடப்போவதில்லை என்றும், சுட்ட கூட்டில் புது வெடிமருந்தும் குண்டும் வைத்துத் தோட்டாக்களை வீட்டிலேயே ரீலோடு செய்ய விரும்புவதாகவும் சொல்கிறார். கூடவே, தெரிந்தவர் ஒருவர் பழைய 7 மி.மீ. டபிள்யூஎஸ்எம் ரைஃபிளைக் குறைந்த விலைக்குத் தருவதாகச் சொல்கிறாராம். அதை வாங்கலாமா என்பது அவருடைய இரண்டாவது கேள்வி.

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எல்க்தான் முதன்மை என்றால் 300 டபிள்யூஎஸ்எம். மான்தான் பெரும்பாலும், எல்க் எப்போதாவது என்றால் 6.5 பிஆர்சி. இந்த முடிவுக்கு வேகப் பட்டியல்கள் காரணம் அல்ல. தோட்டாவின் பித்தளைக் கூடு தடையின்றிக் கிடைக்குமா, நீங்கள் விரும்பும் குண்டுக்கு தோட்டாக்களை அடுக்கி வைக்கும் மேகசினில் இடம் இருக்கிறதா என்னும் இரண்டு கேள்விகளை வைத்தே ரீலோடு செய்பவர் ஷார்ட் மேக்னத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பது என் கருத்து.

மேக்னம் என்னும் பெருந்தோட்டாவுக்கு உரிய அளவு வெடிமருந்தைக் குட்டையான, பருத்த கூட்டில் அடைத்து, 308 வின்செஸ்டர் என்னும் சாதாரணத் தோட்டாவுக்காக வடிவமைத்த, தோட்டாவை ஏற்றிச் சுடும் பொறியான குறு ஆக்‌ஷனில் பொருத்துவதே ஷார்ட் மேக்னத்தின் அடிப்படை எண்ணம். இது புதிதும் அல்ல. ரெமிங்டன் நிறுவனம் 1965-இல் 350 ரெமிங்டன் மேக்னத்தையும் அடுத்த ஆண்டு 6.5 ரெமிங்டன் மேக்னத்தையும் மாடல் 600 என்ற சிறு ரைஃபிளில் கொண்டுவந்தது. 18.5 அங்குலக் குழலில் மேக்னத்தின் வேகம் வெளிப்படவில்லை. குறுகிய மேகசினால் நீண்ட குண்டுகளைக் கூட்டுக்குள் ஆழமாக இறக்க வேண்டியிருந்தது. இரண்டும் விரைவில் ஒதுங்கின. 2001-இல் வின்செஸ்டர் 300 டபிள்யூஎஸ்எம்மைக் கொண்டுவந்தபோது பழைய 404 ஜெஃப்ரியின் பருமனை அடியொற்றி, அடியில் இடுப்புப் பட்டை (தடித்த வளையம்) இல்லாத கூட்டை 35 பாகைத் தோளுடன் (உடல் கழுத்தாகக் குறுகும் சரிவு) அமைத்தது. அதே காலத்தில் ரெமிங்டன் தன் எஸ்ஏயூஎம் வரிசையை வெளியிட்டது. 270, 7 மி.மீ. டபிள்யூஎஸ்எம்களும், 2005-இல் 325 டபிள்யூஎஸ்எம்மும் பின்தொடர்ந்தன. 2003-இல் தொடங்கிய இன்னும் குட்டையான டபிள்யூஎஸ்எஸ்எம் வரிசையைப் பற்றிப் பேச வேண்டிய தேவையே இல்லை. இன்று அதைப் புதிதாக வாங்குபவர் சேகரிப்பாளராகத்தான் இருக்க முடியும். 6.5 பிஆர்சி வேறு குடும்பம். ரூகரும் ஹார்னடியும் 2008-இல் வெளியிட்ட 300 ஆர்சிஎம் கூட்டின் கழுத்தைக் குறுக்கி ஹார்னடி உருவாக்கிய அது, 2018-இல் தர அங்கீகாரம் பெற்றது.

வேகத்தை விரைவாகக் கடந்துவிடலாம். 180 கிரெய்ன் (குண்டையும் மருந்தையும் எடைபோடும் சிறு அலகு) குண்டை 300 டபிள்யூஎஸ்எம் நொடிக்கு ஏறத்தாழ 2,970 அடி வேகத்தில் அனுப்புகிறது. 300 வின்செஸ்டர் மேக்னத்தின் தொழிற்சாலைத் தோட்டா 2,960. 30-06 சுமார் 2,700. அதாவது நீண்ட ஆக்‌ஷனுக்கு உரிய பழைய மேக்னத்தின் வேகம், ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு குறைந்த மருந்தில் கிடைக்கிறது. குட்டையான மருந்துத் தூண் சீராக எரிவதால் இந்தச் சிக்கனம் வருகிறது என்று விளம்பரங்கள் சொல்லின. அதில் உண்மை ஓரளவு இருக்கலாம். ஆனால், ஒரே விட்டமுள்ள குழலில் மருந்தைக் கூட்டக் கூட்ட ஒவ்வொரு கூடுதல் கிரெய்னும் தரும் வேகம் குறைந்துகொண்டே போகும் என்பதும், டபிள்யூஎஸ்எம்முக்கு 65,000 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு) வரையும் 300 வின்செஸ்டர் மேக்னத்துக்கு 64,000 பிஎஸ்ஐ வரையும் அழுத்தம் அனுமதிக்கப்படுகிறது என்பதும் அந்தச் சிக்கனத்தின் பெரும்பகுதியை விளக்கிவிடும். 270 டபிள்யூஎஸ்எம் 130 கிரெய்ன் குண்டுக்கு 3,275 அடியும், 6.5 பிஆர்சி 143 கிரெய்ன் குண்டுக்கு 2,960 அடியும் தருகின்றன, 7 மி.மீ. எஸ்ஏயூஎம், 1962-ஆம் ஆண்டின் 7 மி.மீ. ரெமிங்டன் மேக்னத்தை ஒட்டியே ஓடுகிறது. 400 கஜத்துக்குள் இவற்றில் எதனால் சுடப்பட்டது என்பதை எந்த எல்க்கும் அறியப்போவதில்லை.

குறு ஆக்‌ஷனால் கிடைக்கும் லாபத்தையும் மிகைப்படுத்த வேண்டாம். ரைஃபிளின் நீளத்தில் அரை அங்குலமும், எடையில் சில அவுன்ஸும் குறையும். போல்டை இழுக்கும் தூரம் சற்றுக் குறையும். அவ்வளவுதான். மேக்னம் வேகத்துக்கு 24 அங்குலக் குழல் வேண்டும் என்பதால், மிச்சமான அரை அங்குலம் அங்கேயே செலவாகிவிடுகிறது. டிக்கா டி3 போன்ற ரைஃபிள்களில் எல்லாத் தோட்டாக்களுக்கும் ஒரே நீள ஆக்‌ஷன்தான். அங்கே குறு ஆக்‌ஷன் லாபம் என்ற பேச்சுக்கே இடமில்லை. ஷார்ட் மேக்னத்தின் உண்மையான பயன் கூட்டின் அமைப்பில் இருக்கிறது. பட்டை வைத்த மேக்னங்களில் பல சேம்பர்கள் (குழலில் தோட்டா அமரும் அறைகள்) பட்டையை நம்பி அளவிடப்பட்டு, தோளுக்கு முன்னால் தாராளமாக இடம் விடப்பட்டிருக்கும். முதல் வெடிப்பில் தோள் முன்னால் தள்ளப்படும். ரீலோடு செய்பவர் ஒவ்வொரு முறையும் அதை முழுவதுமாகப் பின்னுக்கு அழுத்தினால், பட்டைக்குச் சற்று மேலே பித்தளை மெலிந்து, சில சுற்றுகளில் கூடு இரண்டாகப் பிரியும். டபிள்யூஎஸ்எம், எஸ்ஏயூஎம், பிஆர்சி மூன்றும் தோளை வைத்தே சேம்பரில் நிற்கின்றன. தோளை ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் இரண்டு பங்கு மட்டும் பின்னுக்கு நகர்த்தும்படி டையை (கூட்டை அழுத்தி வடிவமைக்கும் அச்சு) அமைத்துக்கொண்டால் கூடு நெடுநாள் உழைக்கும்.

இனி மேகசின் கணக்கு. கூட்டின் நீளத்தையும், தோட்டாவின் மொத்த நீளத்துக்கு விதிக்கப்பட்ட எல்லையையும் எடுத்து ஒன்றிலிருந்து மற்றொன்றைக் கழித்தால், குண்டு கூட்டுக்கு வெளியே எவ்வளவு நீளலாம் என்பது தெரியும். 270, 300 டபிள்யூஎஸ்எம்களின் கூடு 2.100 அங்குலம், மொத்த நீளம் 2.860 அங்குலம், வெளியே நீள்வதற்கு 0.760 அங்குலம். 7 மி.மீ. எஸ்ஏயூஎம்மின் கூடு 2.035, மொத்தம் 2.825, இடம் 0.790. 6.5 பிஆர்சியின் கூடு 2.030, மொத்தம் 2.955, இடம் 0.925. ஒப்பீட்டுக்காக 1.4 அங்குல நீளமுள்ள ஒரு குண்டை எடுத்துக்கொண்டால், டபிள்யூஎஸ்எம்மில் அதன் 0.64 அங்குலம் கூட்டுக்குள் போகிறது. கழுத்தின் நீளமோ ஏறக்குறைய 0.3 அங்குலம்தான். மீதி, மருந்து இருக்க வேண்டிய இடத்தை அடைக்கிறது. பிஆர்சியில் அதே நீளக் குண்டின் 0.475 அங்குலம் மட்டுமே உள்ளே போகிறது. இந்தத் தலைமுறைத் தோட்டாவை வடிவமைத்தவர்கள் நீண்ட, காற்றைக் கிழிக்கும் குண்டுகளை மனத்தில் வைத்தே கூட்டைச் சற்றுக் குறுக்கி வெளியே இடம் விட்டிருக்கிறார்கள் என்பது இந்த எண்களிலேயே தெரிகிறது. வேடிக்கை என்னவென்றால், நீண்ட ஆக்‌ஷனில் ஓடும் 300 வின்செஸ்டர் மேக்னத்தில் இந்த இடம் 0.720 அங்குலம்தான்; அரை நூற்றாண்டாக அதைக் குறை கூறிக்கொண்டே எல்லோரும் அதனால்தான் வேட்டையாடியிருக்கிறார்கள்.

ஆகவே இந்தக் கணக்கு எப்போது முடிவை மாற்றும் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். 300 டபிள்யூஎஸ்எம்மில் 165 முதல் 180 கிரெய்ன் வரையிலான ஈயக் கரு வேட்டைக் குண்டுகளுக்கு எந்தச் சிக்கலும் இல்லை. 200 கிரெய்னுக்கு மேற்பட்ட நீண்ட குண்டுகளையோ, முழுச் செம்புக் குண்டுகளையோ விரும்பினால்தான் இடநெருக்கடி தெரியும். செம்பு ஈயத்தைவிட அடர்த்தி குறைந்தது என்பதால், அதே எடைக்குச் செம்புக் குண்டு நீளமாகிறது. கலிபோர்னியாவில் 2019 ஜூலை முதல் எந்த வேட்டைக்கும் ஈயக் குண்டு கூடாது. அங்கே போய் வேட்டையாடும் எண்ணம் இருந்தால் இதை இப்போதே கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள்.

ரைஃபிளை வாங்குவதற்கு முன் கடையிலேயே மேகசினின் உள் நீளத்தை அளந்துவிடுவது நல்லது. பல பழைய குறு ஆக்‌ஷன்களில் அது 2.85 அங்குலத்தை ஒட்டியே நின்றுவிடும், 2.955 அங்குலத் தோட்டா அதில் உட்காராது. வீட்டுக்கு வந்தபின், மருந்தும், அதைப் பற்றவைக்கும் பிரைமரும் இல்லாத மாதிரித் தோட்டா ஒன்றைச் செய்யுங்கள். சுட்ட கூட்டின் கழுத்தை இலேசாக மட்டும் அழுத்தி, குண்டை நீளமாக நிற்கவிட்டு, பிரைமரை அடிக்கும் ஊசித் தொகுப்பைக் கழற்றிய போல்டால் மெதுவாக மூடினால், குழலின் சுழல்வரிகள் குண்டை எவ்வளவு உள்ளே தள்ளுகின்றன என்பது கையிலேயே தெரியும். வெளியே எடுத்து அளந்த நீளம் மேகசினைவிடக் கூடுதலாக இருந்தால் உங்கள் எல்லை மேகசின். குறைவாக இருந்தால் சேம்பரின் தொண்டைதான் (சுழல்வரிகள் தொடங்கும் இடம்) எல்லை. இந்த ஓர் அளவைக் குறித்து வைத்துக்கொள்ளாமல் குண்டு வாங்கிக் குவிப்பவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

270 டபிள்யூஎஸ்எம்மை நான் பட்டியலிலிருந்து இறக்குவதற்குக் காரணம் அதன் வேகக் குறைவு அல்ல. அதன் குழல்கள் பெரும்பாலும் குண்டைச் சுழற்றும் வரிகள் 10 அங்குலத்துக்கு ஒரு சுற்று சுற்றும் மெதுவான முறுக்குடன் வந்தன. 130, 140, 150 கிரெய்ன் குண்டுகள் அதில் நன்றாகப் பறக்கும். அதைவிட நீண்டவை நிலைகொள்ளாமல் தள்ளாடும். இந்தக் குறையைப் போக்கவே வின்செஸ்டரும் பிரவுனிங்கும் 2021-இல் 6.8 வெஸ்டர்னை வெளியிட்டன: அதே கூட்டை 2.020 அங்குலமாகக் குறுக்கி, மொத்த நீளத்தை 2.955 ஆக்கி, 7.5 அல்லது 8 அங்குல முறுக்குடன் 165 முதல் 175 கிரெய்ன் குண்டுகளைச் சுடும்படி செய்தன. வடிவமைப்பில் குற்றம் காண எதுவும் இல்லை. ஆனால் தொழிற்சாலைத் தோட்டாவும் கூடும் சில பெயர்களிலேயே கிடைக்கின்றன. அதைத் தாங்கிப் பிடிக்கும் நிறுவனங்கள் சலித்துவிட்டால் என்ன ஆகும் என்ற கவலை எனக்கு இருக்கிறது. ஏற்கெனவே 270 டபிள்யூஎஸ்எம் வைத்திருப்பவர் அதை மாற்றத் தேவையில்லை. 400 கஜத்துக்குள் அது அருமையான மான் ரைஃபிள். புதிதாக வாங்குபவருக்கு நான் அதைச் சொல்லமாட்டேன்.

7 மி.மீ. எஸ்ஏயூஎம்மின் கதை வேறு. கடை அலமாரியில் அது தோற்றுப்போனது. ஆனால் நெடுந்தூரப் போட்டியாளர்களும் ரீலோடு செய்பவர்களும் அதைக் கைவிடவில்லை. கூடு சற்றுக் குட்டை, தோள் 30 பாகை, 7 மி.மீ. குண்டுகளின் தேர்வு மிகப் பெரிது. அதன் கூட்டைக் குறுக்கி 6.5 மி.மீ. ஆக்கிய தனியார் வடிவமும் 6.5 பிஆர்சி வருவதற்கு முன்பே பெயர் பெற்றிருந்தது. 300 எஸ்ஏயூஎம் கூட்டின் கழுத்தைக் குறுக்கினால் 7 மி.மீ. கூடு கிடைத்துவிடும் என்பது இன்னொரு வசதி. இருந்தும், எல்க் முகாமுக்குப் போகும் வழியில் விமான நிலையத்தில் தோட்டாப் பெட்டி காணாமல் போனால், கொலராடோவின் கிரெய்கிலோ மீக்கரிலோ உள்ள கடையில் 7 மி.மீ. எஸ்ஏயூஎம் கிடைக்கும் என்று நம்பிப் போக முடியாது. 300 டபிள்யூஎஸ்எம்முக்கும் 6.5 பிஆர்சிக்கும் அங்கே ஓரளவாவது வாய்ப்பு உண்டு. 2020-க்குப் பின் வந்த தட்டுப்பாட்டில், அதிகம் விற்கும் தோட்டாக்களுக்கே தொழிற்சாலைகள் முதலிடம் கொடுத்தன. குறைவாக விற்பவற்றின் கூடுகள் நீண்ட காலம் கண்ணில் படவில்லை. அக்காலத்தில் பெரிய ரைஃபிள் மேக்னம் பிரைமர்களும் அரிதாகவே கிடைத்தன.

ரீலோடிங் மேசையில் இவை எல்லாவற்றுக்கும் ஒரே வகையான, மெதுவாக எரியும் மருந்துகள்தாம் பொருந்தும். எச்4350, எச்4831எஸ்சி போன்ற, வெப்பநிலை மாற்றத்தால் அதிகம் பாதிக்கப்படாத மருந்துகளை நான் விரும்புவதற்குக் காரணம் கொலராடோவின் பருவமே: ஆகஸ்ட் வெயிலில் இலக்கு வைத்துப் பழகி, நவம்பரில் உறைபனியில் சுடுகிறோம். இவை ஆஸ்திரேலியாவின் முல்வாலாவில் தயாராகி வருகின்றன என்பதால், கப்பல் தாமதமானால் கடையில் தீர்ந்துபோகும். ஒரே தொகுதி எண்ணுள்ள இரண்டு மூன்று டப்பாக்களைச் சேர்த்து வாங்குவது உதவும். மருந்தின் அளவை நான் இங்கே எழுதவில்லை, வேறு யாராவது எழுதியிருந்தாலும் நம்ப வேண்டாம். மருந்து நிறுவனம் வெளியிடும் கையேட்டின் தொடக்க அளவிலிருந்துதான் ஏற வேண்டும். ஒரே தோட்டாவுக்கே ஒவ்வொரு நிறுவனத்தின் கூடும் உட்கொள்ளளவில் வேறுபடும் என்பதால், கூட்டின் பெயரை மாற்றினால் மீண்டும் கீழிருந்து தொடங்குங்கள். 300 எஸ்ஏயூஎம்முக்கும் 300 டபிள்யூஎஸ்எம்முக்கும் ஒரே கையேட்டுக் கணக்கைப் பயன்படுத்தவே கூடாது; முன்னது உட்கொள்ளளவில் சிறியது.

டபிள்யூஎஸ்எம் கூட்டின் அடிவிளிம்பு 0.535 அங்குலம், உடல் 0.555 அங்குலம். விளிம்பு உடலைவிடச் சிறியதாக உள்வாங்கியிருப்பதால், மேகசினிலிருந்து தோட்டாவைத் தள்ளும் போல்டுக்குப் பிடிமானம் கொஞ்சம் குறைகிறது. பருத்த உடலும் கூர்மையான தோளும் இதனுடன் சேரும்போது, சில ரைஃபிள்களில் தோட்டா சேம்பர் வாயில் முட்டி நின்ற புகார்கள் தொடக்க காலத்தில் எழுந்தன. பிஆர்சியில் விளிம்பும் உடலும் ஏறத்தாழ ஒரே அளவு, 0.532 அங்குலம், தோள் 30 பாகை. இன்றைய ரைஃபிள்கள் டபிள்யூஎஸ்எம்மையும் ஒழுங்காகவே ஏற்றுகின்றன. ஆனாலும் வேட்டைக்குக் கொண்டுபோகும் ஒவ்வொரு ரீலோடையும், வெடிதளத்தில் ரைஃபிளைப் பாதுகாப்பான திசையில் பிடித்து மேகசின் வழியாக ஏற்றி இறக்கிப் பார்த்துவிட வேண்டும். மேகசின் கொள்ளளவு பெரும்பாலும் மூன்றுதான் என்பதையும் மனத்தில் வையுங்கள்.

இப்போது விலங்குக்கு வருவோம். கொலராடோவின் விதி, எல்க்குக்குக் குறைந்தது 0.24 அங்குல விட்டமும் 85 கிரெய்ன் எடையும் உள்ள விரியும் குண்டு வேண்டும், 100 கஜத்தில் 1,000 அடி-பவுண்டு ஆற்றல் இருக்க வேண்டும் என்று சொல்கிறது. நான்கு தோட்டாக்களும் இதை வெகு எளிதாகத் தாண்டுகின்றன. ஆனால் சட்டத்தின் குறைந்தபட்சம் வேறு, சாய்வாக நிற்கும் 300 கிலோ ஆண் எல்க்கின் தோள் எலும்பு வேறு. அங்கே ஈயக் கருவை உறையோடு ஒட்டிய 180 கிரெய்ன் ஒட்டுக்கருக் குண்டோ, 1948-இல் நோஸ்லர் விற்பனைக்குக் கொண்டுவந்த பார்ட்டிஷன் போன்ற நடுச்சுவர்க் குண்டோ தரும் ஊடுருவல், கோணம் சரியில்லாதபோது கைகொடுக்கும். 6.5 பிஆர்சியும் எல்க்கை வீழ்த்தும். ஆனால் நெடுந்தூர இலக்குக்காகச் செய்த மென்மையான குண்டை அதில் ஏற்றிக்கொண்டு எல்க்குக்குப் போவது எனக்கு ஒப்பாது. கட்டுறுதியான குண்டும், பக்கவாட்டில் நிற்கும் வரை காத்திருக்கும் பொறுமையும் அதற்கு வேண்டும்.

இதற்கு எதிர்ப்பக்கம் உங்கள் தோள். நீங்கள் கேட்கும் எடை குறைந்த ரைஃபிளில், ஆறரைப் பவுண்டு எடையில், 300 டபிள்யூஎஸ்எம் மிகவும் கடுமையாக உதைக்கும். உதைக்கு அஞ்சிக் கண்ணை மூடிக்கொண்டு விசையை இழுப்பவர்கள்தான் எல்க்கைக் காயப்படுத்தி இழக்கிறார்கள். தொலைநோக்கியுடன் எட்டுப் பவுண்டுக்குக் குறையாத ரைஃபிளாக இருந்தால் 300 டபிள்யூஎஸ்எம். மலையேற எடை குறைந்தே ஆக வேண்டும் என்றால் 6.5 பிஆர்சி.

ரீலோடிங் தொடர்பாக, எச்-1பி போன்ற குடியேற்றம் சாராத விசாவில் இருப்பவர்கள் அறிந்திருக்க வேண்டிய ஒன்றும் உண்டு. நம்மவர் பலர் இந்த நிலையில்தான் இருக்கிறார்கள். அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டப்படி அவர்கள் துப்பாக்கியையோ தோட்டாவையோ வைத்திருக்கக் கூடாது. செல்லுபடியாகும் வேட்டை உரிமம் கையில் இருப்பது போன்ற சில விலக்குகள் மட்டுமே உண்டு. அதே சட்டத்தின் வரையறையில் வெற்றுக்கூடு, பிரைமர், குண்டு, மருந்து ஆகியவையும் தோட்டா என்றே கருதப்படும். உரிமம் காலாவதியான மறுநாள் வீட்டு அலமாரியில் இருக்கும் பிரைமர் பெட்டியும் சிக்கல்தான். பச்சை அட்டை வைத்திருப்பவருக்கு இந்தத் தடை கிடையாது. சொந்தப் பயன்பாட்டுக்கு ரீலோடு செய்யக் கூட்டாட்சி உரிமம் தேவையில்லை. விற்பனைக்குச் செய்தால் தேவை.

பழைய 7 மி.மீ. டபிள்யூஎஸ்எம் பற்றி: அந்தத் தோட்டாவின் தோளை வின்செஸ்டர் வேண்டுமென்றே சற்று முன்னால் தள்ளி அமைத்தது. இல்லாவிட்டால் 0.284 அங்குலக் குண்டுடன் அது 270 டபிள்யூஎஸ்எம் சேம்பருக்குள் நுழைந்து, 0.277 அங்குலக் குழலில் ஆபத்தான அழுத்தத்தை உண்டாக்கியிருக்கும். நல்ல முன்னெச்சரிக்கைதான். ஆனால் அதனாலேயே 270 அல்லது 300 டபிள்யூஎஸ்எம் கூட்டின் கழுத்தை மட்டும் மாற்றி 7 மி.மீ. ஆக்கினால் தோள் பின்தங்கிவிடும். முதலில் தனியாக வடிவேற்றிச் சுட்டுத்தான் அதைச் சரிசெய்ய வேண்டும், புதிதாக ரீலோடு கற்பவருக்கு அது ஏற்ற வேலை அல்ல. தொழிற்சாலைத் தோட்டாவும் மிக அரிது. விற்பவர் ரைஃபிளுடன் டைகளையும், அதே ரைஃபிளில் சுட்ட நூறு கூடுகளையாவது சேர்த்துத் தந்தால் அந்தக் குறைந்த விலைக்கு அர்த்தம் உண்டு. ரைஃபிள் மட்டும்தான் என்றால் வேண்டாம். கூடு தேடிச் செலவழிக்கும் பணத்தில் 300 டபிள்யூஎஸ்எம்முக்கு ஒரு பருவம் முழுவதும் பழகும் அளவுக்குத் தோட்டா சேர்த்துவிடலாம்.